இடிக்க வரும் நாளுக்கு முன்பே தயாராக வேண்டிய காகிதங்கள்: பழைய பள்ளிவாசல்களைக் காப்பது எப்படி?

சிங்கப்பெருமாள் கோவிலில் தொடங்கி ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலை இன்று தமிழ்நாட்டின் பெரிய தொழில் தடங்களில் ஒன்று. கார், லாரி, மோட்டார் சைக்கிள் எல்லாம் இந்தச் சாலையின் இருபுறமும் தயாராகின்றன. சாலை அகலமாகிறது, சிப்காட்டுக்கு நிலம் எடுக்கப்படுகிறது, வயலாக இருந்த இடங்கள் மனைகளாகின்றன. நம் பிள்ளைகள் பலருக்கும் அங்கேதான் வேலை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் நில அளவையர் சங்கிலியோடு வந்து நிற்கும் இடத்தில் ஒரு சின்னப் பள்ளிவாசலோ, பழைய மையவாடியோ, ஓடு வேய்ந்த மதரஸாவோ இருந்தால் என்ன ஆகும்? "எங்கள் பாட்டனார் காலத்திலிருந்தே இருக்கிறது" என்று முத்தவல்லி சொல்வார். அதிகாரி கேட்கப்போகும் கேள்வி வேறு: "எழுத்தில் என்ன இருக்கிறது?"

இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருந்த ஒரு பள்ளிவாசலுக்கும், பதில் போதாமல் போன இன்னொரு பள்ளிவாசலுக்கும் என்ன நடந்தது என்பதை டெல்லியில் ஆறு வார இடைவெளிக்குள் பார்த்துவிட்டோம்.

முதலாவது சுனேரி பாக் மஸ்ஜித். புதுடெல்லியில் உத்யோக் பவனுக்கு அருகில், சாலைகள் கூடும் ரவுண்டானாவின் நடுவில் இருக்கிறது. அரசியல் நிர்ணய சபை உறுப்பினராக இருந்த மவ்லானா ஹஸ்ரத் மொஹானி கூட்டங்களுக்கு வரும்போது இங்கேதான் தங்குவார் என்று சொல்லப்படுகிறது. போக்குவரத்துக்கு இடையூறு என்று காவல்துறை சொன்னதன் பேரில், இதை அகற்றுவது குறித்துப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டு 2023 டிசம்பர் 24 அன்று புதுடெல்லி மாநகராட்சி ஓர் அறிவிப்பை வெளியிட்டது. கருத்துச் சொல்ல ஜனவரி 1 வரைதான் அவகாசம். அந்தச் சில நாட்களில் டெல்லியிலிருந்தும் வெளியூர்களிலிருந்தும் ஆட்சேபங்கள் குவிந்தன. பள்ளிவாசலின் இமாம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். வரலாற்று ஆய்வாளர்களும் நகரமைப்பு வல்லுநர்களும் பேசினார்கள். கட்டடம் உடனே இடிபடவில்லை.

இரண்டாவது அகோன்ஜி மஸ்ஜித், மெஹ்ரோலியில் சஞ்சய் வனம் என்ற காட்டுப் பகுதிக்குள் இருந்தது. அறுநூறு ஆண்டுப் பழமை கொண்டது என்று கருதப்பட்ட பள்ளி. கூடவே பஹ்ருல் உலூம் என்ற மதரஸாவும், கபருகளும். 2024 ஜனவரி 30 அன்று விடியற்காலையில் டெல்லி வளர்ச்சி ஆணையத்தின் இயந்திரங்கள் வந்தன. பகல் ஏறுவதற்குள் அங்கே ஒரு பள்ளிவாசல் இருந்ததற்கான அடையாளமே இல்லை. காப்புக்காட்டில் உள்ள ஆக்கிரமிப்பு என்பது ஆணையத்தின் வாதம். எந்த அடிப்படையில் இடித்தீர்கள் என்று உயர் நீதிமன்றம் கேட்டது உண்மைதான். ஆனால் அந்தக் கேள்வி எழுந்தபோது கட்டடம் இல்லை.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? சுனேரி பாக் பள்ளிவாசலைச் சேர்ந்தவர்கள் அதிகச் செல்வாக்கு உள்ளவர்கள் என்பதல்ல. புதுடெல்லியில் பாதுகாக்க வேண்டிய பாரம்பரியக் கட்டடங்கள் என்று 2009ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட பட்டியலில் அந்தப் பள்ளிவாசல் மூன்றாம் தரத்தில் இடம்பெற்றிருந்தது. அப்படிப் பட்டியலில் உள்ள கட்டடத்தைத் தொட வேண்டுமானால் பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவின் கருத்தைக் கேட்க வேண்டும், பொது அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்கின்றன விதிகள். அந்த அறிவிப்புதான் மக்களுக்கு ஒரு வாரத்தைக் கொடுத்தது. அந்த ஒரு வாரம் போதுமானதாக இருந்தது.

அகோன்ஜி மஸ்ஜிதின் கதையில் இன்னொரு வேதனை உண்டு. அதுவும் ஆவணத்தில் இல்லாமல் இல்லை. 1922ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறைக்காக மவ்லவி ஜஃபர் ஹசன் தொகுத்த டெல்லி நினைவுச் சின்னங்களின் பட்டியலில் அதைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. ஹிஜ்ரி 1270இல், அதாவது 1853-54இல், அது பழுதுபார்க்கப்பட்டது என்ற விவரம்கூட உண்டு. ஆனால் அது ஒரு நூலில் உள்ள குறிப்பு. சட்டப்படி அறிவிக்கப்பட்ட பாதுகாப்புப் பட்டியல் அல்ல. நூலகத்தில் இருக்கும் சான்றை யாராவது எடுத்து, உரிய அலுவலகத்தில் பதிய வைத்தால்தான் அது ஜேசிபியின் முன்னால் நிற்கும்.

சென்னையில் ஒரு தீர்ப்பு

இந்த வகையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு முக்கியமான வழக்கு இருக்கிறது. அண்ணா சாலையில் உள்ள பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தைச் சென்னைக்குப் போய்வருபவர்கள் பார்த்திருப்பார்கள். சிவப்புச் செங்கல், கூம்புக் கோபுரங்கள், முகலாயக் கட்டடங்களை நினைவூட்டும் வளைவுகள். 1897இல் டபிள்யூ. ஈ. ஸ்மித் என்ற மருந்து வணிகருக்காக ஜே. எச். ஸ்டீபன்ஸ் வடிவமைத்தது. பிறகு பாரத் இன்சூரன்ஸ் கைக்குப் போய், காப்பீட்டு நிறுவனங்கள் 1956இல் நாட்டுடைமை ஆனபோது எல்.ஐ.சி.க்கு வந்தது.

2006இல் எல்.ஐ.சி. அதை இடிக்கத் தொடங்கியது. கட்டடம் ஆபத்தான நிலையில் இருக்கிறது என்பது காரணம். இன்டாக் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு உயர் நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. ஒரு பகுதி அதற்குள் போய்விட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2010 ஏப்ரல் 29 அன்று, சென்னை உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் பயன் ஒரு கட்டடத்தோடு நிற்கவில்லை. விளம்பரப் பலகைகள் தொடர்பான வேறொரு வழக்குக்காக நீதிபதி பத்மநாபன் குழு முன்பே தயாரித்து வைத்திருந்த 467 கட்டடங்களின் பட்டியலை நீதிமன்றம் கையில் எடுத்துக்கொண்டது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தில் ஒரு பாரம்பரியப் பாதுகாப்புக் குழு அமையவும் அது வழிவகுத்தது.

கவனியுங்கள், யாரோ எதற்காகவோ தயாரித்த பட்டியல் அது. இருந்ததால் பயன்பட்டது.

ஆனால் அந்தப் பட்டியல் பெரும்பாலும் பழைய சென்னை நகரத்தைச் சேர்ந்தது. பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக 2022இல் விரிவுபடுத்தப்பட்டு, செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களின் பெரும்பகுதி அதற்குள் வந்தது. எல்லை விரிந்த வேகத்தில் பட்டியல் விரியவில்லை. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இலேயே சட்டமன்றத்தில் நிறைவேறியும், பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது. ஆகவே இந்தத் தொழில் தடத்தில் உள்ள நூறு வருடப் பள்ளிவாசல் எந்தப் பட்டியலிலும் தானாக வந்து சேரும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. ஜமாஅத்தான் மனுக் கொடுக்க வேண்டும்.

சுவரே பத்திரம்

நம்மிடம் கல்வெட்டுச் சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. மதுரை கோரிப்பாளையம் தர்காவில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பாண்டிய மன்னர் காலத்தில் பதினான்காயிரம் பொன் கொடுத்து வாங்கிய நிலங்கள் பற்றி வழக்கு எழுந்தபோது, 1573இல் வீரப்ப நாயக்கர் அதை விசாரித்து, பழைய உரிமை செல்லும் என்று உறுதிசெய்ததை அது சொல்கிறது. முந்நூறு வருடத்துக்கு மேற்பட்ட உரிமையை ஓர் இந்து அரசர் ஏற்றுக்கொண்டார். அந்தத் தீர்ப்பு கல்லில் இருப்பதால்தான் இன்று நாமும் அதைச் சொல்ல முடிகிறது.

இன்னொன்று இதைவிட வியப்பானது. ராமநாதபுரம் அருகே திருப்புல்லாணிப் பெருமாள் கோவிலில் உள்ள 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு, பவித்திரமாணிக்கப்பட்டினத்தில் இருந்த சோனகர் பள்ளி ஒன்றுக்கு வரி வருவாயை ஒதுக்கிய செய்தியைத் தருகிறது. அந்தப் பட்டினத்தைக் கீழக்கரையோடு ஆய்வாளர்கள் இணைத்துப் பார்க்கிறார்கள். பள்ளிவாசலுக்கான சான்று பெருமாள் கோவில் சுவரில்! சிங்கப்பெருமாள் கோவிலில் குன்றைக் குடைந்து செய்த நரசிம்மர் கோவிலைத் தினமும் கடந்து போகும் நமக்கு இது ஒன்றை நினைவூட்ட வேண்டும்: நம் ஊர்களின் சரித்திரம் மதவாரியாகத் தனித்தனி அலமாரிகளில் இல்லை. பழைய பள்ளிக்கு ஆதாரம் தேடுகிறவர்கள் பக்கத்துக் கோவில் கல்வெட்டுகளையும் கேட்டுப் பார்க்கலாம்.

ஆதாரத்தின் அவசியம் இப்போது முன்னைவிடப் பல மடங்கு கூடிவிட்டது. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வக்ஃப் திருத்தச் சட்டம், நீண்டகாலப் பயன்பாட்டின் மூலம் வக்ஃப் ஆன சொத்து என்ற வகையை இனிமேல் இல்லை என்றாக்கியது. முன்பே பதிவானவை தொடரும், ஆனால் தகராறில் உள்ளவையும் அரசு நிலம் என்று சொல்லப்படுபவையும் அந்தப் பாதுகாப்புக்குள் வராது. பழைய பள்ளிவாசல்களில் மிகப் பல, யாரோ ஒரு புண்ணியவான் வாயால் சொல்லி விட்டுப்போன இடங்கள். பத்திரம் கிடையாது. அவற்றுக்கு என்ன சாட்சி? நிலைக்கல்லில் உள்ள ஹிஜ்ரி வருடம், அரபுத்தமிழில் பொறித்த பெயர், மையவாடியின் மீஸான் கற்கள், கட்டடத்தின் வயதைக் காட்டும் சுண்ணாம்புச் சுவர். இவைதான்.

இங்கேதான் நாம் நம்மையே கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கடந்த நாற்பது ஐம்பது வருடங்களில் தமிழகத்தின் பழைய கல்லுப்பள்ளிகள் பலவற்றை இடித்தது அரசாங்கம் அல்ல. நாமேதான் இடித்தோம். கல்தூண்களும் பூ வேலைப்பாடும் கொண்ட, திராவிடக் கட்டடக் கலையில் எழுந்த தொழுகைக் கூடங்கள் போய், கான்கிரீட் குப்பாக்கள் வந்தன. "பள்ளிவாசல் என்றால் இப்படி இருக்க வேண்டும்" என்று வளைகுடா நாடுகளில் பார்த்த வடிவம் மனதில் பதிந்துவிட்டது. புதிய கட்டடத்துக்கு நன்கொடை திரட்டுவது எளிது, பழைய கூரையைச் சரிசெய்ய யாரும் பணம் தர மாட்டார்கள் என்பதும் ஒரு காரணம். வள்ளல் சீதக்காதியின் பெயரோடு பேசப்படும் கீழக்கரை ஜும்ஆப் பள்ளியும், காயல்பட்டினத்தின் பழைய பள்ளிகளும் எவ்வளவு பெரிய செல்வம் என்பது வெளியூர் ஆய்வாளர்கள் வந்து படம் எடுக்கும்போதுதான் பலருக்கும் தெரிகிறது. கோம்பை அன்வர் 2013இல் எடுத்த 'யாதும்' ஆவணப்படத்தைக் குடும்பத்தோடு ஒருமுறை பாருங்கள். தமிழ் முஸ்லிம்களின் வேர் எவ்வளவு ஆழம் என்பது பிள்ளைகளுக்குப் புரியும்.

இடம் போதவில்லையே?

நியாயமான கேள்வி. தொழிற்சாலைகளில் வேலை பார்க்க பீகார், மேற்கு வங்கம், அஸ்ஸாமிலிருந்து வந்திருக்கும் சகோதரர்களும் சேர, ஜும்ஆவுக்குக் கூட்டம் கூடியபடியே இருக்கிறது. பெண்களுக்கு இடம் வேண்டும், ஒளூச் செய்ய வசதி வேண்டும். பழசை அப்படியே வைத்துக்கொண்டு எல்லாரும் வெயிலில் நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

இதற்கு மதீனாவிலேயே முன்மாதிரி உண்டு. 1950களில் மஸ்ஜிதுந் நபவி விரிவுபடுத்தப்பட்டபோது, உதுமானிய சுல்தான் அப்துல் மஜீத் காலத்தில் கட்டப்பட்ட தெற்குப் பகுதியின் தொழுகைக் கூடத்தை அப்படியே விட்டுவிட்டு, வடக்குப் பக்கம்தான் இடித்துப் பெரிதாக்கினார்கள். ஹஜ், உம்ரா போய்வந்தவர்கள் அந்தச் செந்நிறத் தூண்களை முன்வரிசையில் பார்த்திருப்பார்கள். எத்தனையோ விரிவாக்கம் வந்த பிறகும் அந்தப் பகுதி நிற்கிறது. மாறாக மக்காவில், உதுமானியர் கட்டிய அஜ்யாத் கோட்டை 2002இல் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் பெரிய கட்டட வளாகம் எழுந்தது. துருக்கி கடுமையாகக் கண்டித்தது. முஸ்லிம் உலகத்தில் அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

பழைய கட்டடத்தைக் காப்பது அதைப் புனிதமாக்கி வணங்குவதாகிவிடும் என்று சில சகோதரர்கள் அஞ்சுகிறார்கள். சுவரை யாரும் வணங்கப் போவதில்லை. முன்னோர் கட்டிய தொழுகை இடத்தில் தொடர்ந்து தொழுவோம் என்பதுதான் பேச்சு.

பழுதுபார்ப்பதில் ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைக்க வேண்டும். பழைய சுவர்கள் சுண்ணாம்பால் கட்டியவை. அவை ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, சில வருடத்தில் செங்கல் உதிரத் தொடங்கும். பிறகு "கட்டடம் பலவீனமாகிவிட்டது, இடித்துவிடலாம்" என்பார்கள். பலவீனமாக்கியது நாம் பூசிய சிமெண்ட். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறார்கள், தேடினால் கிடைப்பார்கள்.

எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

இதில் ஜமாஅத் நிர்வாகிகள் நிதானமாக முடிவெடுக்க வேண்டும். மூன்று வழிகள் இருக்கின்றன, மூன்றும் ஒன்றல்ல. மத்திய அரசின் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னமாக அறிவித்தால் பாதுகாப்பு மிகப் பலமானது. சுற்றிலும் நூறு மீட்டருக்குப் புதுக் கட்டடமே கூடாது. ஆனால் ஒரு செங்கல் மாற்றவும் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டியிருக்கும். அதோடு, வக்ஃப் என்று அறிவிக்கப்பட்ட நேரத்தில் ஓர் இடம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்திருந்தால் அந்த வக்ஃப் அறிவிப்பு செல்லாது என்கிறது 2025 திருத்தம். உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று கொடுத்த இடைக்கால உத்தரவில் சில பிரிவுகளை நிறுத்திவைத்தது, இதை நிறுத்தவில்லை. எனவே வக்ஃப் பதிவு முழுமையாக முடியாத ஓர் இடத்துக்கு இந்த வழியில் அவசரப்படுவது சரியாகப் படவில்லை.

மாநிலத் தொல்லியல் துறையின் 1966ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டாவது வழி. மூன்றாவது, நகரமைப்புத் துறையின் பாரம்பரியக் கட்டடப் பட்டியல். டெல்லிப் பள்ளிவாசலைக் காத்தது இந்த மூன்றாவது வகைதான். உரிமை ஜமாஅத்திடமே இருக்கும், தொழுகைக்கு இடையூறு இல்லை, ஆனால் இடிக்கும் முன் அறிவிப்பும் குழுவின் கருத்தும் கட்டாயமாகும். சாதாரண ஊர்ப் பள்ளிவாசலுக்கு இது பொருந்தும் என்பது என் கருத்து.

சாலைக்காக நிலம் எடுக்கும்போது நாட்கள் மிகக் குறைவு. தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் ஆட்சேபம் தெரிவிக்க அறிவிப்பு வந்ததிலிருந்து 21 நாள்தான். 2013ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டத்தில் 60 நாள். வக்ஃப் நிலம் என்றால் வக்ஃப் வாரியத்துக்கும் தகவல் தர வேண்டும், ஆனால் அது வக்ஃப் என்று வருவாய்ப் பதிவில் தெரிந்தால்தானே தருவார்கள்? 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் இடிப்புக்கு முன் 15 நாள் நோட்டீஸ் கட்டாயம் என்றது பெரிய ஆறுதல். ஆனால் சாலை, ரயில் பாதை, நீர்நிலை போன்ற பொது இடங்களில் உள்ள அனுமதியற்ற கட்டடங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் உள்ள பழைய பள்ளிகளுக்கு இதுதான் ஆபத்தான இடம். சாலை வருவதற்கு முன்பே பள்ளி இருந்தது என்று காட்ட முடிந்தால் வழக்கின் போக்கே மாறும்.

அதனால் இந்த மாதமே செய்யக்கூடிய வேலைகள் சில. கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டில் அந்தச் சர்வே எண்ணுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து நகல் வாங்குங்கள். புலப்பட நகலையும் வாங்குங்கள். பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டில் 'மசூதி', 'பள்ளிவாசல்' என்ற சொல் இருந்தால் அது தங்கம். வக்ஃப் வாரிய அரசிதழ் அறிவிப்பில் உங்கள் பள்ளியின் பெயரும் பரப்பளவும் சரியாக இருக்கிறதா, 2025 ஜூனில் தொடங்கிய உமீத் இணையதளத்தில் விவரம் ஏறிவிட்டதா என்று முத்தவல்லியிடம் கேளுங்கள். கேட்பதற்கு மஹல்லாவாசி ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு.

கல்லூரி போகும் பிள்ளைகளிடம் கைப்பேசியைக் கொடுத்து, கட்டடத்தின் நான்கு பக்கமும், மிஹ்ராபும், தூண்களும், எழுத்துள்ள ஒவ்வொரு கல்லும் பகல் வெளிச்சத்தில் படமெடுக்கச் சொல்லுங்கள். பெயிண்ட் அடித்து மறைத்த கல்வெட்டுகள் எத்தனையோ உண்டு. சுரண்ட வேண்டாம், தொல்லியல் துறையினரிடம் காட்டுங்கள். ஊரில் எண்பது வயதைத் தாண்டிய பெரியவர்கள் சொல்வதைத் தேதியோடு எழுதி, அவர்களிடமே கையெழுத்து வாங்கி வையுங்கள். பழைய நிக்காஹ் பதிவேடுகளும், ஜமாஅத் கணக்கு நோட்டுகளும் யார் வீட்டுப் பரணில் கிடக்கின்றன என்று விசாரியுங்கள். கறையான் அரிப்பதற்கு முன் ஒரு பிரதி எடுத்துப் பள்ளிவாசலில் ஒன்றும், வேறு இரண்டு வீடுகளில் ஒவ்வொன்றுமாக இருக்கட்டும்.